ஆணுக்கு வந்த லூபஸும் கூடுதலாக இருந்த ஓர் எக்ஸும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் 29 வயது ஆண். நில அளவையர். பகலில் பெரும்பகுதி வெயிலில் நின்று செய்யும் வேலை. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. அவரைவிட ஐந்து வயது மூத்த அக்காவுக்கு 26 வயதிலேயே ஹாஷிமோட்டோ தைராய்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தைராய்டு சுரப்பியையே தாக்கும் நோய் அது. அன்றிலிருந்து தினமும் காலையில் மாத்திரை எடுக்கிறார்.

நான் மரபணு ஆலோசகர். மூட்டுவாத மருத்துவர், சிறுநீரக மருத்துவர், ஹார்மோன் மருத்துவர் ஆகியோரோடு ஒரே குழுவில் வேலை செய்கிறேன். குடும்பத்தாரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். யார் என்று தெரியாமலிருக்க வயது, தொழில் போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் நாங்கள் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை.

முதல் 11 மாதங்கள்

முதலில் விரல் மூட்டுகள் வலித்தன. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது, பிறகு சரியாகிவிடும். கருவிகளைத் தூக்கிச் சுமப்பதால் வந்த வலி என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். நான்காவது மாதம் முகத்தில் சிவப்பு படர்ந்தது. வெயில் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்தார்கள். வாய்க்குள் மேலண்ணத்தில் வலியே இல்லாத புண் வந்தபோது வைட்டமின் மாத்திரை. ஏழாவது மாதம் மூன்று வாரம் விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்தது, வெள்ளணுக்கள் 3,100-க்கு இறங்கின. வைரஸ் காய்ச்சல் என்றார்கள்.

ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் அந்த விளக்கம் பொருந்தத்தான் செய்கிறது. நான்கையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்குத் தோன்றியது. தன் நோயைப் பற்றிப் படித்தபோது எதிர்ப்பாற்றல் தோல், மூட்டு, சிறுநீரகம் என்று உடலின் பல உறுப்புகளையே தாக்கும் லூபஸ் பற்றியும் படித்திருந்தார். காய்ச்சல் வந்த சமயத்தில் தம்பியோடு மருத்துவரிடம் போனவர், "இது லூபஸா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார். "அது பொம்பளைங்களுக்கு வர்ற நோய்மா" என்று பதில் வந்தது. ஏ.என்.ஏ. (நம் சொந்தச் செல்லின் கருவைத் தாக்கும் ஆன்டிபாடி) பரிசோதனைக்கு அன்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் பாதி விஷயம் தெரிந்திருக்கும். நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாதத்தில்தான் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது.

பத்தாவது மாதம் கணுக்கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது. பதினொன்றாவது மாதம் எங்களிடம் வந்தார்.

எங்களிடம் வந்தபோது கண்டவை

உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினார். தொப்பி மறைத்த நெற்றி தெளிவாக இருந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் சிவப்பு, ஆனால் மூக்கின் ஓரத்திலிருந்து உதட்டோரம் இறங்கும் மடிப்புகளில் மட்டும் இல்லை. லூபஸ் தடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிடும். எங்கள் மூட்டுவாத மருத்துவர் அதைப் பார்த்தவுடனேயே சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்.

ரத்த அழுத்தம் 148/94. சிறுநீரில் எவ்வளவு புரதம் கசிகிறது என்று காட்டும் புரதம்-கிரியாட்டினின் விகிதம் 2.6, மிக அதிகம். சிவப்பணுக்களும் இருந்தன. வெள்ளணுக்கள் 2,900, ஹீமோகுளோபின் 10.2. ஏ.என்.ஏ. 1:640. இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி மிக அதிகம். லூபஸ் தீவிரமாக இருக்கும்போது செலவாகிக் குறையும் ரத்தப் புரதங்களான சி3, சி4 இரண்டும் குறைவு. ரத்தம் உறையத் தூண்டும் ஆன்டிபாடிகள் இல்லை. சிறுநீரக பயாப்சியில் நான்காம் வகை லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது லூபஸால் வந்த கடுமையான சிறுநீரக அழற்சி என்று வந்தது. நல்லவேளையாகத் தழும்பு அதிகம் விழவில்லை. நோய் என்ன என்பதில் இதற்குமேல் கேள்வி இல்லை.

மருந்துத் தேர்வும் ஒரு பக்கக் கேள்வியும்

மெத்தில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மூன்று நாள் நரம்பு வழியாக ஏற்றினோம். கூடவே லூபஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினும் ரத்த அழுத்த மாத்திரையும். அடுத்த கட்டத்துக்கு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடா, மைக்கோஃபெனோலேட்டா என்று பேசினோம். முதல் மருந்து விந்தணு உற்பத்தியை நிரந்தரமாகவே பாதிக்கக்கூடியது. குழந்தைக்காகக் காத்திருக்கும் 29 வயதுக்காரர் என்பதால் மைக்கோஃபெனோலேட்டில் தொடங்கினோம். அது பலிக்காவிட்டால் மற்றதற்குப் போக வேண்டியிருக்கும், எனவே விந்தை முன்கூட்டியே உறைநிலையில் சேமித்து வைக்கலாம் என்று சொன்னோம்.

இரண்டாம் நாள் கொடுத்த மாதிரியில் விந்தணு ஒன்றுகூட இல்லை. உடல் இவ்வளவு மோசமாக இருக்கும்போது எண்ணிக்கை குறைவது சகஜம் என்று நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் கொடுத்ததிலும் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவர் மனைவியிடம் உட்கார்ந்து பேசினேன். பையிலிருந்து ஒரு தடிமனான கோப்பை எடுத்தார். இரண்டு ஆண்டுப் பரிசோதனைகள்: ஸ்கேன்கள், ஹார்மோன் அறிக்கைகள், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே, ஆறு மாதம் சாப்பிட்ட மாத்திரைகளின் சீட்டு. எல்லாம் மனைவியுடையவை. கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூட எழுதப்படவில்லை. "அவருக்கு என்ன குறை இருக்கப் போகுது, ஆளு நல்லா ஒசரமா வாட்டசாட்டமாத்தானே இருக்காருன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அந்த உயரமே ஒரு துப்புதான். 186 சென்டிமீட்டர், அதில் கால்களின் நீளம் அதிகம். ஹார்மோன் மருத்துவர் அன்று மாலை அவரை முழுமையாகப் பரிசோதித்தார். மார்பில் லேசான திசு வளர்ச்சி இருந்தது. பள்ளி நாட்களிலிருந்தே தளர்ந்த சட்டை மட்டுமே போடுவதாக அவரே சொன்னார். விதையின் அளவைப் பார்க்க, சிறிதிலிருந்து பெரிதாக ஒரு கயிற்றில் கோர்த்த முட்டை வடிவ மணிகளைக் கையில் வைத்து ஒப்பிடுவார்கள். வளர்ந்த ஆணுக்குப் பொதுவாக 15 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கும். இவருக்கு 4 மில்லிலிட்டர் மணியோடு நின்றுவிட்டது.

டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. கடும் நோயும் ஸ்டீராய்டும் அதைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிக் குறையும்போது, விதையைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஏறாது. இவருக்கு எஃப்.எஸ்.எச்., அதே சுரப்பியின் எல்.எச். இரண்டும் மிக உயர்ந்திருந்தன. கோளாறு விதையிலேயே இருக்கிறது, அதுவும் வெகுகாலமாக. குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினோம்.

குரோமோசோம் அறிக்கை

பத்து நாளில் வந்த அறிக்கையில், எண்ணிய செல்கள் எல்லாவற்றிலும் 47,எக்ஸ்எக்ஸ்ஒய் என்று இருந்தது. ஆணுக்கு வழக்கமாக 46 குரோமோசோம்கள், அவற்றில் ஓர் எக்ஸ், ஓர் ஒய். இவருக்கு எக்ஸ் இரண்டு. கிளைன்ஃபெல்டர் நிலை. 1942-ல் ஹாரி கிளைன்ஃபெல்டர் விவரித்ததால் அந்தப் பெயர். இதற்குக் காரணம் கூடுதலாக உள்ள ஒரு எக்ஸ் குரோமோசோம் என்று 1959-ல் பாட்ரிசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் காட்டினார்கள். சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு இந்த நிலை இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகிறது.

லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். இந்த மனிதரிடம் பெண்களுக்குப் பொதுவான ஒன்று இருந்தது: இரண்டு எக்ஸ். கிளைன்ஃபெல்டர் உள்ள ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு என்று 2008-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. கிட்டத்தட்ட பெண்களுக்கு உள்ள அளவு வாய்ப்பு அது.

இரண்டாவது எக்ஸ் என்ன செய்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் குடும்பத்தார் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்.

எக்ஸ் குரோமோசோமில் 800-க்கு மேற்பட்ட புரத மரபணுக்கள் இருக்கின்றன. ஒய்யில் மிகக் குறைவுதான். நோய் எதிர்ப்பாற்றலோடு தொடர்புள்ள மரபணுக்கள் பல எக்ஸில்தான் இருக்கின்றன. இரண்டு எக்ஸும் முழுதாக வேலை செய்தால் எல்லாமே இரட்டிப்பாகிவிடும். அதனால் கரு உருவான தொடக்க நாட்களிலேயே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை மூடிவிடுகிறது. 1961-ல் மேரி லயன் இதை முன்வைத்தார். அப்படி மூடிய எக்ஸ் சுருண்டு, செல்லின் கருவுக்குள் ஒரு கரும்புள்ளியாகவே நுண்ணோக்கியில் தெரியும். எக்ஸ்எக்ஸ்ஒய் ஆணின் செல்லிலும் இதே புள்ளி தெரியும்.

ஆனால் அந்த மூடல் முழுமையானதல்ல. மூடிய எக்ஸில் குறைந்தது நூற்றுக்குப் பதினைந்து மரபணுக்கள் தப்பித்து வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று டி.எல்.ஆர்.7. வைரஸின் ஆர்.என்.ஏ. உள்ளே வந்தால் மணியடிக்கும் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். சில நோயெதிர்ப்பு செல்களில் இது இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்கிறது என்று 2018-ல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வுக் குழு காட்டியது. பெண்களின் செல்களில் மட்டுமல்ல, கிளைன்ஃபெல்டர் ஆண்களின் செல்களிலும் அப்படியே. காவல்காரர் இருவரானால் சின்னச் சத்தத்துக்கும் மணி அடிக்கும். லூபஸில் அந்தச் சின்னச் சத்தம் நம் சொந்தச் செல் இறக்கும்போது சிந்தும் ஆர்.என்.ஏ. டி.எல்.ஆர்.7 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி அது அதிகம் கூர்மையானாலே லூபஸ் வந்துவிடும் என்பது 2022-ல் ஒரு குழந்தையின் மரபணுவைப் படித்தபோது உறுதியானது.

இரண்டாவது வழி எனக்கே வியப்பைத் தந்தது. எக்ஸை மூடுவது எக்ஸிஸ்ட் என்ற நீளமான ஆர்.என்.ஏ. அது குரோமோசோம் மேல் போர்வைபோலப் படரும்போது பல புரதங்கள் அதோடு ஒட்டிக்கொள்கின்றன. செல் இறந்து உடையும்போது இந்தக் கட்டு அப்படியே வெளியே விழுகிறது. எதிர்ப்பாற்றல் அதைப் பகையென்று நினைத்து ஆன்டிபாடி உண்டாக்கிவிடலாம். ஒரே எக்ஸ் உள்ள ஆணின் உடலில் எக்ஸிஸ்ட் உருவாவதே கிட்டத்தட்ட இல்லை. 2024-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹோவர்ட் சாங்கின் குழு ஆண் எலிகளில் எக்ஸிஸ்ட் உருவாகும்படி செய்து, லூபஸைத் தூண்டும் ஓர் எண்ணெயையும் செலுத்தியது. நோய்க்கு ஆளாகக்கூடிய இனத்து ஆண் எலிகளுக்குப் பெண் எலிகள் அளவுக்கு ஏறக்குறைய நோய் வந்தது. நோயை எதிர்த்து நிற்கும் இனத்து எலிகளுக்கு வரவில்லை.

அந்தக் கடைசி விவரத்தை எந்தக் குடும்பத்திடமும் நான் சொல்லாமல் விடுவதில்லை. இரண்டு எக்ஸ் இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. மற்ற குரோமோசோம்களில் உள்ள மரபணுக்கள், வெயில், தொற்று என்று பலதும் சேர வேண்டும். அதனால்தான் பெரும்பாலான பெண்களுக்கும் பெரும்பாலான கிளைன்ஃபெல்டர் ஆண்களுக்கும் லூபஸ் வருவதே இல்லை.

"டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாலேயே வந்திருக்கலாமே?" என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த ஒருவரை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. லூபஸ் பெரும்பாலும் பூப்படைந்த பிறகுதான் தொடங்குகிறது. ஆனால் இனப்பெருக்கச் சுரப்பிகளை நீக்கிவிட்டு, எக்ஸ்எக்ஸ் எலிகளையும் எக்ஸ்ஒய் எலிகளையும் ஒப்பிட்ட ஆய்விலும் எக்ஸ்எக்ஸ் எலிகளுக்கே லூபஸ் கடுமையாக வந்தது. மூன்று எக்ஸ் உள்ள பெண்களுக்கு லூபஸ் வாய்ப்பு இரண்டு எக்ஸ் உள்ளவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு. எக்ஸின் எண்ணிக்கை தன் பங்குக்கு ஏதோ செய்கிறது என்றே நான் நம்புகிறேன். எல்லாத் தன்னுடல் தாக்கு நோய்க்கும் இது பொருந்தாது. முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் கண்டறியப்படுகிறது.

சொன்ன நாள்

அறிக்கையை அவரிடமும் மனைவியிடமும் சேர்த்தே சொல்லலாமா என்று முதலில் அவரிடம் தனியாகக் கேட்டேன். "அவளும் இருக்கட்டும், அக்காவும் வரட்டும்" என்றார்.

ஒரு தாளில் 23 ஜோடிகளையும் கோடுகளாகப் போட்டுக் காட்டினேன். கடைசி இடத்தில் மூன்று கோடு. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்போ நான் ஆம்பளை இல்லையா?" என்று கேட்டார்.

ஒய் கோட்டின் நுனியில் ஒரு புள்ளி வைத்தேன். எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு இருக்கும் இடம் அது. கரு ஆணாக வளரத் தொடங்குவது அதனால்தான். "இது உங்ககிட்ட இருக்கு. நீங்க ஆம்பளைதான், அதுல சந்தேகமே வேண்டாம். எக்ஸ் ஒண்ணு கூடுதலா இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். இந்தப் பதிலை உறுதியாகவும் உடனேயும் சொல்ல வேண்டும் என்பதை முன்பு வேறொருவரிடம் தயங்கித் தவறிழைத்துக் கற்றிருக்கிறேன்.

யாரிடமிருந்து வந்தது என்று மனைவி கேட்டார். அம்மாவின் கருமுட்டையிலோ அப்பாவின் விந்தணுவிலோ குரோமோசோம்கள் பிரியும்போது தற்செயலாக நடப்பது, இருவர் பக்கமும் ஏறக்குறைய சம வாய்ப்பு, யார் செய்த எதனாலும் வருவதில்லை என்று சொன்னேன். அக்கா தனக்கும் லூபஸ் வருமா என்று கேட்டார். தைராய்டைத் தாக்கும் நோயும் லூபஸும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவது உண்டு, ஆனால் அறிகுறி எதுவும் இல்லாமல் ஏ.என்.ஏ. பார்க்க வேண்டியதில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் பலருக்கு அது இருக்கும், பார்த்தால் வீண் பயம்தான் மிஞ்சும். மூட்டு வலியோ தடிப்போ வந்தால் உடனே வரச் சொன்னேன்.

மனைவி அந்தக் கோப்பை மடியில் வைத்திருந்தார். இரண்டு ஆண்டு தன்னிடம்தான் குறை என்று நினைத்திருந்தவர். அன்று அவர் அழுததை யாரும் தடுக்கவில்லை.

அடுத்து எடுத்த முடிவுகள்

டெஸ்டோஸ்டிரோனை உடனே தொடங்கவில்லை. அதற்குக் காரணம் இரண்டு. வெளியிலிருந்து கொடுத்தால் விதையில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச விந்தணு உற்பத்தியும் அடங்கிவிடும். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு நுண் அறுவையில் விதைத் திசுவிலிருந்து விந்தணு எடுக்க முடிகிறது, அந்த வாய்ப்பை மூட நாங்கள் விரும்பவில்லை. அடுத்தது ரத்த உறைவு. கிளைன்ஃபெல்டரிலேயே நாளங்களில் உறைவு வரும் வாய்ப்பு அதிகம், சிறுநீரில் புரதம் போகும்போது இன்னும் கூடும், டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களையும் ஏற்றும். மூன்றையும் ஒன்றாக அவர்மேல் சுமத்த வேண்டாம் என்று முடிவுசெய்தோம்.

எலும்பை மட்டும் காத்திருக்க விடவில்லை. ஹார்மோன் குறைவும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் எலும்பு வேகமாகத் தேயும். அடர்த்தி ஸ்கேனில் முதுகெலும்பு ஏற்கெனவே குறைவாகத்தான் இருந்தது. கால்சியமும் வைட்டமின் டியும் தொடங்கி, ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் குறைப்பது என்று வைத்துக்கொண்டோம்.

தொடர்ந்து நடந்தவை

மைக்கோஃபெனோலேட்டே பலித்தது. சிகிச்சை தொடங்கிய ஆறாவது மாதம் புரத விகிதம் 0.9, பத்தாவது மாதம் 0.4. சைக்ளோஃபாஸ்ஃபமைடுக்குப் போக நேரவில்லை. பதினொன்றாவது மாதம் நுண் அறுவை செய்தார்கள். விந்தணு கிடைக்கவில்லை. அதற்கு வாய்ப்பு உண்டு என்று முன்பே பேசியிருந்தோம், இருந்தாலும் அந்த வாரம் இருவருக்கும் கடினமாகத்தான் இருந்தது. தத்தெடுப்பது, கொடையாளர் விந்தணு இரண்டைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். முடிவெடுக்க நேரம் வேண்டும் என்றார்கள்.

அதன் பிறகு டெஸ்டோஸ்டிரோன் தொடங்கினோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்துக்கொண்டு. சோர்வு குறைந்தது. லூபஸால் வந்த சோர்வு என்றே நாங்கள் நினைத்திருந்ததில் ஒரு பகுதி ஹார்மோன் குறைவால் வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

பதினெட்டாவது மாதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியாட்டினின் 0.9, புரத விகிதம் 0.3, பிரெட்னிசலோன் நாளைக்கு 5 மில்லிகிராம். ஹைட்ராக்ஸிகுளோரோகுவினுக்காகக் கண் பரிசோதனை ஆண்டுதோறும் உண்டு. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் மட்டும் களத்துக்குப் போகிறார், நடுப்பகலில் அலுவலகத்தில் வரைபட வேலை.

இப்போது வேறுவிதமாகச் செய்வது

தாமதத்துக்கு முந்தைய மருத்துவர்களை மட்டும் சொல்லி நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எங்கள் வார்டில் அவர் ஐந்து நாள் இருந்தார். மூட்டு, தோல், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்தோம். மார்பையும் விதைப்பையையும் பார்க்கவில்லை. விந்து சேமிப்பு என்ற பேச்சே எழாமல் இருந்திருந்தால், இரண்டு எக்ஸ் இருப்பது தெரியாமலே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். எலும்பும் கவனிக்கப்படாமல் போயிருக்கும், மனைவியின் கோப்பும் இன்னும் தடித்திருக்கும்.

இப்போது லூபஸோடு வரும் ஒவ்வோர் ஆணுக்கும் முதல் வாரத்திலேயே மார்பு, விதைப்பைப் பரிசோதனையைச் செய்கிறோம். காலை நேர டெஸ்டோஸ்டிரோனும் எஃப்.எஸ்.எச்.சும் பார்க்கிறோம். அவை சந்தேகம் தந்தால் குரோமோசோம் பரிசோதனை. எல்லா ஆண் லூபஸ் நோயாளிகளுக்கும் எடுத்த எடுப்பிலேயே குரோமோசோம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இந்தப் படிகள் போதும் என்பது என் கருத்து. குழந்தையின்மை என்று யாராவது சொன்னால், இருவரில் யாருக்கு என்னென்ன பரிசோதனை நடந்தது என்று கேட்டுவிடுகிறோம்.

சேர்க்கைப் படிவத்திலும் ஒரு வரி கூடியிருக்கிறது. முந்தைய மருத்துவரின் குறிப்புகளை வரவழைத்துப் பார்த்தபோது காய்ச்சல், வெள்ளணு எண்ணிக்கை, கொடுத்த மாத்திரை எல்லாம் இருந்தன, அக்கா கேட்ட கேள்வி மட்டும் இல்லை. இப்போது எங்கள் படிவத்தில் "உடன் வந்தவர் எந்த நோயைச் சந்தேகிக்கிறார்?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறோம்.